பிரிட்ஜுக்கு முன்னால் இருந்து பேசியவள்

என் குசினியில் நான்கு கதிரைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வந்தால் பிரிட்ஜுக்கு முன்னால் கிடக்கிற கதிரையில்தான் இருப்பாள். முதல் நாள் வந்தபோதே, பிரிட்ஜ் கதவில் நான் ஒட்டி வைத்திருந்த காந்தப் பொம்மைகள், குப்பை எடுக்கிற நாள் போட்டு கவுன்சில் அனுப்பிய காலண்டர், எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"உது உனக்கு என்ன செய்தது?" என்று கேட்டேன்.

"பின்னாடி ஒண்ணுமே தெரியக் கூடாதுங்க அக்கா. வெறும் வெள்ளையா இருக்கணும்," என்றாள்.

பிறகு சீனி டின்னில் போனைச் சாய்த்து வைத்து, தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள். திபெத்தில் இருக்கிற தன் தாயோடு வீடியோவில் பேசுவதற்கு அவள் செய்த ஆயத்தம் அது.

நாங்கள் இருவரும் லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரே ஷிப்ட். அவள் வேலைக்கு வந்த புதிதில், ஈரத் துணிகளை யாரோ நடைபாதையில் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். "எந்த நாசமாப் போவான் இதை இஞ்ச போட்டவன்?" என்று என் பாட்டுக்குத் தமிழில் திட்டினேன். "நான்தாங்க அக்கா போட்டேன், மன்னிச்சுக்கங்க," என்று பின்னாலிருந்து தமிழிலேயே பதில் வந்தது. திரும்பிப் பார்த்தால் இவள். சின்னக் கண்ணும் சிவந்த கன்னமுமாக நிற்கிறாள்.

சின்ன வயதில் அவளைத் தாய் வேறு ஆட்களோடு சேர்த்து மலையைக் கடக்க அனுப்பிவிட்டாள். அந்தப் பக்கம் இருந்தால் தன் பாஷையைப் படிக்க மாட்டாள், இந்தியாவில் என்றாலும் படிக்கட்டும் என்று. கர்நாடகாவில் ஓர் அகதிக் குடியிருப்பில் வளர்ந்தாள். மார்கழி வந்தால் குடியிருப்புக்காரரோடு கோயம்புத்தூருக்குப் போய் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்பாள். தமிழ் அப்படி வந்ததுதான். கோயம்புத்தூரில் யாருக்கடி குளிருகிறது என்று கேட்டேன். "ஊட்டி போறவங்க வாங்குவாங்க அக்கா," என்று சிரித்தாள். தாயை விட்டுப் பிரிந்த பிறகு நேரில் ஒரு முறைகூடக் காணவில்லை. போனில் மட்டும்தான் காண்கிறாள்.

அதுக்கு ஏன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கிற என் வீட்டுக்கு வர வேண்டும்? அவள் வூலிச்சில் இன்னும் சில திபெத்துப் பெண்களோடு ஓர் அறையில் இருந்தாள். அங்கே எந்தச் சுவரைப் பார்த்தாலும் அவர்களுடைய பெரிய குருவின் படம். நாட்டை விட்டு வெளியேறி இந்தியாவில் இருக்கிறவர். திபெத்துக்குள் அவருடைய படம் வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். வீடியோவில் இவள் தலைக்குப் பின்னால் அதில் ஒரு துண்டு தெரிந்தாலும் போதும், அங்கே இருக்கிற இவள் அண்ணனைப் பொலிஸ் கூப்பிடும். அந்த அழைப்புகளை யாரோ பார்க்கிறார்கள், கேட்கிறார்கள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது.

"படத்தைக் கழட்டி வச்சிட்டுக் கதைக்க ஏலாதே?" என்று கேட்டேன்.

"கை வரலீங்க அக்கா," என்றாள். நான் தேவாலயத்தில் காலைப் பூசையை விட்டு மாலைப் பூசைக்கு மாறிக்கொண்டேன். ஞாயிறு காலைக் குசினி அவளுக்கு என்று ஆனது.

என்ன பேசுவார்கள்? பிறகு அவள்தான் எனக்குத் தமிழில் சொல்வாள். தாய் முதலில் கேட்பது, சாப்பிட்டாயா. இவள் சாப்பிட்டேன் என்பாள். இரவு ஷிப்ட் முடித்து வெறும் வயிற்றோடு நேராக என் வீட்டுக்கு வந்த நாளிலும் அப்படித்தான் சொல்வாள். பிறகு அங்கே பனியா, இங்கே மழையா, கால் வலி எப்படி, எருமைக்குப் பால் இருக்கிறதா. அவர்களுடைய சடை எருமை. அவ்வளவுதான். எனக்கு இது புதிதில்லை. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து அம்மா போனில் "இஞ்ச நல்ல மழை பிள்ளை" என்றால், ஷெல் விழுகிறது என்று எங்களுக்கு விளங்கும். எங்களுக்கு அது எப்படியோ ஒரு நாள் முடிந்தது. எப்படி முடிந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. இவர்களுக்கு முடிவே இல்லை.

அண்ணனுக்கு ஒரு மகள். ஊரில் இருந்த திபெத்துப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பிள்ளையைச் சின்னதிலேயே தூரத்தில் விடுதிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் அவளுக்குச் சீனம் மட்டும்தான் வரும். கிழவிக்குச் சீனம் தெரியாது. பேத்தி தண்ணீர் கேட்டால் அண்ணன்தான் நடுவில் நின்று தாய்க்குச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவள் கோப்பையைக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே நின்றாள். என் பிள்ளைகளும் தமிழ் கதைக்காதுகள்தான். அது எங்களுடைய சோம்பல். அங்கே அரசாங்கமே பிடுங்கி எடுக்கிறது. ஒரு கிழவிக்கும் பேத்திக்கும் நடுவில் கை வைக்கிறவன் உருப்படுவானா?

அவள் சீனத் தூதரகத்துக்கு முன்னால் நடக்கிற ஊர்வலத்துக்குப் போவாள், முகத்தை முழுக்க மூடிக்கொண்டு. ஒரு முறை நானும் கூடப் போனேன். நாங்களும் ஒரு காலம் வெஸ்ட்மின்ஸ்டரில் தொண்டை கிழியக் கத்தியவர்கள்தான். அன்றைக்குப் போலவே இன்றைக்கும் பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து சுற்றுலாக்காரர் படம் எடுத்தார்கள்.

அந்தக் கோடையில் தாய் படுக்கையில் விழுந்தாள். கண்ணில் வெள்ளை படர்ந்து பார்வையும் மங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வி: உன் அறையை எனக்குக் காட்டு.

"அம்மா ரூமைக் கேக்கல அக்கா," என்று இவள் என்னிடம் சொன்னாள். "ரூம்ல இருக்கிறவரைக் கேக்குறாங்க. சாகுறதுக்குள்ள அவர் முகத்தை ஒரு தடவை பாக்கணும். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது."

"படத்தை அவவுக்குக் காட்டன். ஒரு நிமிசம்தானே?"

"அண்ணன் வீட்ல இருக்காரே. பொண்ணு ஸ்கூல்ல இருக்காளே."

தாய் அறையைக் கேட்கும்போதெல்லாம் இவள் போனைத் திருப்பி என் அடுப்பையும் தண்ணி கொதிக்கிற கேத்திலையும் காட்டுவாள். கிழவி கால் வலியைப் பற்றிப் பேசத் தொடங்குவாள். நான் வெங்காயம் உரிக்கிற சாட்டில் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

கடைசி அழைப்பு நாளில் அவள் போனில் சார்ஜ் இல்லை. சார்ஜர் வயர் கட்டை, பிரிட்ஜ் பக்கத்துக்கு எட்டாது. அதனால் எதிர்ப்பக்கம், சுவரோரக் கதிரையில் இருந்தாள். அந்தச் சுவரில் எங்கள் திருஇருதய ஆண்டவர் படம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து, மன்னார்க் கத்தோலிக்க வீடுகளில் அது இல்லாத வீடு இல்லை. சிவப்புச் சால்வை, ஆசீர்வதிக்கத் தூக்கிய கை, கீழே எப்போதும் எரிகிற சின்னச் சிவப்பு பல்ப். அவள் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க சாமிதானே அக்கா? இது பரவால்ல."

"ஓம், அவர் ஒருத்தரையும் காட்டிக் குடுக்க மாட்டார்," என்று நான் பகிடி விட்டேன்.

லீவுக்கு வந்திருந்த பேத்திதான் அங்கே போனைப் பிடித்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கிழவி தொடங்கினாள், பாதியில் நின்றாள். மகளைப் பார்க்கவில்லை. மகளின் தலைக்கு மேலே பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து இரண்டு கையையும் மெல்ல எடுத்தாள். குவித்தாள். நெற்றியில் வைத்தாள், வாயில் வைத்தாள், நெஞ்சில் வைத்தாள். பொக்கை வாய் நடுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பேத்தி சத்தமாகச் சீனத்தில் என்னவோ கேட்டாள். ஒரு ஆம்பிளைக் கை, அண்ணனுடையதாக இருக்கும், குறுக்கே வந்தது. அதோடு போன் இருண்டுவிட்டது.

இவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அட கடவுளே! இத்தனை நாளாக அதன் கீழ் நின்று சமைக்கிறேன், ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. கண் மங்கிய கிழவிக்கு, அதுவும் போனில், சிவப்பாக ஒரு துணி, தூக்கிய ஒரு கை, கீழே ஒரு விளக்கு. அவர்களுடைய குருவைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? மகள் கடைசியில் காட்டிவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பாள்.

பேத்தி என்ன கேட்டாள் என்று நான் கேட்டேன்.

"எனக்கும் சீனம் தெரியாதே அக்கா," என்றாள்.

அதற்குப் பிறகு அங்கிருந்து அழைப்பு இல்லை. இவள் போன் எடுத்தால் லைன் போகவில்லை. ஞாயிறுதோறும் வந்து பிரிட்ஜுக்கு முன்னால் இருந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். இலை உதிர்ந்து முடிந்த நேரத்தில் காத்மாண்டுவில் இருக்கிற ஓர் உறவுக்காரர் மூலம் செய்தி வந்தது. கிழவி சந்தோசம் தாங்காமல் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிட்டாளாம்: மகள் எனக்கு அவரைக் காட்டினாள், கண்ணால் கண்டேன், இனிச் சாகலாம். இரண்டு நாளில் அண்ணனைக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் உள்ளே இருக்கும்போதே தாய் செத்துப்போனாள். பிறகு அவனை விட்டார்கள். அவன் யாரோடும் பேசுவதில்லை. தங்கை இனி ஒருபோதும் வீட்டுக்குப் போன் எடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தான்.

எவ்வளவு கவனமாக இருந்தாள்! குப்பைக் காலண்டரைக்கூடக் கழற்றினாளே! அது எங்களுடைய ஆண்டவர் ஐயா, நீங்கள் தேடுகிற ஆள் இல்லை என்று எந்தப் பொலிசுக்குப் போய்ச் சொல்வேன்? அன்றிரவு நான் அந்தப் பல்பை அணைத்தேன். ஏன் படம் இருட்டாகக் கிடக்கிறது என்று என் மனுசன் கேட்டார். "பேசாமல் இருங்கோ," என்று அவரில் எரிந்து விழுந்தேன். செபம் வரவில்லை. இன்றுவரை சரியாக வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. தேத்தண்ணி வேண்டாம் என்றாள், ரொட்டியைத் தொடவில்லை.

"அக்கா, நீங்க அந்தச் சேர்ல உக்காருறீங்களா? லைட்டைப் போடுங்க."

நான் பல்பைப் போட்டுவிட்டுச் சுவரோரக் கதிரையில் இருந்தேன். அவள் வீட்டு வாசல் நடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் போன் அடித்தது. அவள்தான், வீடியோவில். எடுத்துச் சீனி டின்னில் சாய்த்து வைத்தேன். மாட்டியிருந்த கோட்டுகளுக்கு நடுவில் அவள் முகம் தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அம்மா மேல தப்பே இல்லீங்க அக்கா," என்றாள். "எனக்கே அவர் மாதிரிதான் தெரியுது."

பிறகு தன் பாஷையில் பேசத் தொடங்கினாள். நீளமாகப் பேசினாள், இடையில் அழுதாள், மறுபடி பேசினாள். சடை எருமையைப் பற்றியும் கால் வலியைப் பற்றியும் அல்ல என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடமாகத் தாயிடம் சொல்லாமல் வைத்திருந்தது எல்லாம் அதுவாக இருக்க வேண்டும். பேசி முடித்து, பதிலுக்குக் காத்திருக்கிறவள் போல என்னைப் பார்த்தாள். அவள் பாஷையில் எனக்கு ஒரு வசனமும் தெரியாது.

"சாப்பிட்டியே பிள்ளை?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன்," என்றாள். முந்தின நாள் ஷிப்டிலிருந்து அவள் ஒன்றுமே சாப்பிட்டிருக்கவில்லை.