பந்தைச் சோதித்தவன்

ஆட்களைத் தடவிப் பார்ப்பதுதான் எனக்கு உத்தியோகம். தங்கம் எடுக்கிற மைனில் வேலை முடிந்து போகிற எவனும் சோதனை இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. தலைப்பாகை, குடுமி, கோவணம், வாய், சாப்பாட்டுத் தூக்கு, வெற்றிலைப் பை, புண்ணுக்குக் கட்டிய துணி, எல்லாவற்றையும் பார்ப்பேன். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அருவருப்பு இல்லை. ஒரு மனிதன் எதை எங்கே ஒளித்து வைப்பான் என்று தெரிந்துகொள்ள எனக்கு எப்போதுமே ஆசை. அந்த ஆசைக்குச் சம்பளமும் கொடுத்தார்கள், விடுவேனா?

நான் நின்றது மில்லின் கேட்டில். பூமிக்கு அடியிலிருந்து வருகிற கல்லை அங்கேதான் இரும்பு உலக்கைகள் இராப்பகலாக இடித்து மாவாக்கும். அந்த மாவைத் தண்ணீரோடு சேர்த்துப் பாதரசம் பூசிய தகடுகள் மேல் ஓடவிடுவார்கள். பொன் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டலில் ஒரு சுண்டைக்காய் அளவு சுரண்டினால் போதும், ஒருவன் ஆறு மாதம் உட்கார்ந்து சாப்பிடலாம். அதனால் தகட்டுக் கொட்டகைக்குள் போய் வருகிற எதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. துரை வீட்டு நாய் ஒருதரம் உள்ளே ஓடிவிட்டு வந்தது. அதன் கழுத்துப் பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். கடித்தது. கடித்த பிறகும் பட்டையின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன்.

ஜிங்க் ஷீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் மைனின் பந்து மைதானம். கேட்டில் நின்றபடியே ஆட்டம் முழுவதையும் பார்க்கலாம். அப்படித்தான் இந்தப் பீடை என்னைப் பிடித்தது.

எங்கள் டீமில் வெள்ளைக்கார மேஸ்திரிகள் நாலு பேர், ஆங்கிலோ இந்தியச் சட்டைக்கார ஃபிட்டர்கள் மூன்று பேர், மற்றவர்கள் நம் ஆட்கள். அவர்களுக்குப் பூட்ஸ், நம் ஆட்களுக்கு வெறுங்கால். பந்து ஆடுவதற்காகவே இவர்களைச் சுரங்கத்துக்குள் இறக்காமல் மேலே வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். ஆட்டம் உள்ள நாளில் ஷிப்டுக் கூலியும் உண்டு. பந்து உதைத்துக் கூலி வாங்குவதை நாங்கள் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. கூலி வாங்கிக்கொண்டு இப்படித் தோற்பதையும் கேள்விப்பட்டதில்லை. பக்கத்து மைசூர் மைன்ஸ் ஆட்களிடம் தோற்றார்கள், பாலகாட் மைன் ஆட்களிடம் தோற்றார்கள், பெங்களூரிலிருந்து வழியில் இறங்கிய பட்டாளத்து ஆட்களிடம் தோற்றார்கள். எட்டு வருஷத்தில் ஒரு ஆட்டமாவது ஜெயித்ததில்லை.

ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் வேலியோரம் மைன் கூலிகளின் லைன் வீடுகளிலிருந்து எங்கள் ஜனங்கள் இருநூறு பேர் வந்து நிற்பார்கள். இதுதான் எனக்குப் புரியாத விஷயம். ஜெயிக்கிற டீமின் பின்னால் போகிறவனை எனக்குப் புரியும். அவன் கையில் எதையோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். இவர்கள் எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள்? எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்? கேட்டுப் பார்த்துவிடுவது என்று ஆரம்பித்தேன். ஒரு மரவேலைக்காரன், "வீட்ல இருந்தா பொஞ்சாதி தண்ணி தூக்கச் சொல்றா" என்றான். இன்னொருவன் யோசித்து யோசித்து, "போன வாரம் அஞ்சு கோலு, இந்த வாரம் மூணு. கொறையுது இல்ல?" என்றான். சின்ன ஜெபக்கூடத்தின் உபதேசியார் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கண்ணை மூடி ஜெபிப்பார். அவரையும் பிடித்துக் கேட்டேன்.

"எட்டு வருசமா ஜெபம் பண்றீங்களே ஐயரே, மேல இருக்கறவருக்குக் காது கேக்கலியா?"

"அவருக்குக் கேக்குது. நம்ப கோலுக்கு முன்னால பேக் ஆடறவனுக்குத்தான் கேக்கல. எத்தன தபா சொல்றேன், பந்த வானத்துக்கு ஒதைக்காதடான்னு!"

என்னை யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒன்று மட்டும் நிச்சயம். மைசூர் மைன்ஸ்காரனுக்குத் தன் டீம் எத்தனை கோல் போட்டது என்று தெரியும், அவ்வளவுதான். எங்களுக்கு எங்கள் ஆட்களின் கால் கட்டைவிரல்வரை தெரியும். எவன் இடது காலில் பயப்படுவான், எவனுக்கு எத்தனையாவது நிமிஷத்தில் மூச்சு வாங்கும் என்று எல்லாம் தெரியும். தோற்றவனைத்தான் ஜனங்கள் உற்றுப் பார்க்கிறார்கள். எனக்கோ உற்றுப் பார்ப்பதுதான் தொழில்.

இதையெல்லாம்விட எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. கோல்கீப்பர் என் தங்கையின் வீட்டுக்காரர்.

மாப்பிள்ளை முன்பு சுரங்கத்தில் துளை போடுகிற வேலை செய்தவர். ஒரு நாள் பாறை வெடித்துச் சரிந்து வழி அடைத்துக்கொண்டது. ஒன்றரை நாள் கழித்து அவரை உயிரோடு எடுத்தார்கள். கூட இருந்த இரண்டு பேர் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டில் ஏறி ஷாஃப்டில் இறங்கவேண்டும் என்றால் அவருக்குக் கை இரண்டும் வெடவெடவென்று ஆடும். கம்பிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டாலே வாந்தி எடுப்பார். நல்ல நேரம், அவருக்குக் கை நீளம். மைன் கேப்டன் துரை அதைப் பார்த்துவிட்டுக் கோலில் நிறுத்தி, மில் முற்றத்தில் மரக்கட்டை அடுக்குகிற வேலையைக் கொடுத்தார். டீம் இருக்கிறவரை அவர் மேலே இருப்பார். டீம் போனால் மறுபடியும் கீழே. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது. மேலே வந்தபிறகு அந்தக் கைகள் ஆடியதில்லை. பந்தைத்தான் பிடித்ததில்லை.

எங்கள் மைன்களை ஒட்டி ராபர்ட்சன்பேட்டையில் தெருக்கள் போட்டுக்கொண்டிருந்த காலம். மைனுக்குக் கரண்டு விளக்கும் அப்போதுதான் வந்திருந்தது. கூடவே புது மேனேஜர் துரையும் வந்தார். அவருக்குத் தோற்பது பிடிக்கவில்லை. அடுத்த ஆட்டம் மைசூர் மைன்ஸோடு. ஜெயித்தால் டீம் இருக்கும், இல்லையென்றால் கலைத்துவிட்டு எல்லாரையும் அவரவர் பழைய வேலைக்கு அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார். என் தங்கை அன்றைக்கே என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, அந்த மன்சன் மூணு நாளா சோறு துன்னல. நீங்க தொர கிட்ட சொல்லக் கூடாதா?"

"நான் இன்னா சொல்றது? கேட்டுக்காரன் பேச்ச தொர கேப்பாரா? ஜெயிக்கச் சொல்லும்மா, அவ்ளோதான்" என்றேன். எட்டு வருஷத்தில் இல்லாதது ஒரே நாளில் வந்துவிடும் என்பது போல.

வந்தது! அந்தச் சனிக்கிழமை இரண்டாம் பாதியில் எங்கள் ஃபிட்டர் ஒருவன் உதைத்த பந்து அவர்கள் ஆள் முழங்காலில் பட்டுக் கோலுக்குள் போனது. இருநூறு பேரும் ஒரு நிமிஷம் சத்தமே போடவில்லை. பழக்கம் இல்லை, பாவம். பிறகு போட்ட கூச்சலில் மில் உலக்கைச் சத்தமே அமுங்கிப் போனது. உபதேசியார் தலைப்பாகையைக் கழற்றி வீசினார். மாப்பிள்ளை அதற்குப் பிறகு மூன்று பந்து பிடித்தார். மூன்று! நான் கேட்டை விட்டு இரண்டடி முன்னால் வந்து கத்திக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை இனி மேலேயே இருப்பார், என் தங்கை நிம்மதியாக இருப்பாள் என்ற சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இன்னும் பத்து நிமிஷம் இருந்திருக்கும். எங்கள் பேக், பயத்தில், வழக்கம்போல் பந்தை வானத்துக்கு உதைத்தான். அது வேலியைத் தாண்டி மில் முற்றத்தில் விழுந்து உருண்டு நேராகத் தகட்டுக் கொட்டகைக்குள் போனது.

இருந்தது ஒரே பந்து. மில்லுக்குள் போக உத்தரவு உள்ள ஆட்டக்காரர் மாப்பிள்ளை ஒருவர்தான். ஓடி வந்தார். கேட்டைத் திறந்துவிட்டேன். உடனே வருவார் என்று பார்த்தேன், வரவில்லை. பந்து தகட்டு மேஜைக்கு அடியில் மாட்டிக்கொண்டதாம். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது, கொட்டகைக்குள் ஒருவர் ரொம்ப நேரம் இருக்கிறார் என்பது மட்டுமே.

ஈரப் பந்தோடு வந்தார். "வுடுங்க மச்சான், ஆட்டம் நிக்குது" என்றார்.

"ஒரு நிமிசம் மாப்ள" என்றேன். கை தானாக நீண்டது. எட்டு வருஷம் பந்தைப் பார்த்தவன், அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தொட்டேன். மேலே தோல், ஒரு பக்கம் வாய் பிளந்த மாதிரி ஒரு கீறல், அதைச் செருப்புக்குக் கட்டுகிற மாதிரி வாரால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். வாருக்கு அடியில் விரலை விட்டேன். உள்ளே ஒரு கட்டி தட்டுப்பட்டது. ரப்பர், மடித்து, நூல் சுற்றி இறுக்கிய கட்டி.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் ஒருவனுடைய சாப்பாட்டுத் தூக்கில் இருந்த கேழ்வரகுக் களி உருண்டைக்குள் இப்படியொரு கட்டியைப் பிடித்திருந்தேன். குழந்தை பால் குடிக்கிற ரப்பர் காம்பு, அதற்குள் பாதரசத்தோடு பொன், வாயில் நூல் சுற்று. விரலுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. என் நெஞ்சு அடித்துக்கொண்டது பயத்தில் இல்லை. என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும் என்ற அந்தப் பாழாய்ப்போன ஆசையில்தான். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து வாரை அறுத்தேன். கட்டியை வெளியே இழுத்து நூலில் கத்தியை வைத்தேன்.

புஸ் என்று காற்று என் முகத்தில் அடித்தது. அவ்வளவுதான் உள்ளே இருந்தது. காற்றடித்த ரப்பர்ப் பையின் வாயைத்தான் அப்படிக் கட்டி வைப்பார்களாம், எல்லாப் பந்துக்கும் அப்படித்தானாம். நூலோடு ரப்பரும் கிழிந்து பந்து என் கையில் தொய்ந்து தொங்கியது. மாப்பிள்ளை அதை வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார்.

வேறு பந்து கிடைப்பதற்குள் இருட்டிவிட்டது. முடியாத ஆட்டம் செல்லாது, அடுத்த வாரம் முதலிலிருந்து ஆடுங்கள் என்று ரெஃப்ரீ சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ஆடினார்கள். நான் போய் நின்றேன், போகாமல் இருக்க முடியவில்லை. ஒருவரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "இன்னா, கத்தி கொண்டாந்தியா?" என்று ஒருவன் கேட்க எல்லாரும் சிரித்து எனக்கு இடம்விட்டார்கள். தோற்றுத் தோற்றுப் பழகிய ஜனங்கள், எதையும் சிரித்து விழுங்கிவிடுவார்கள். நாலு கோலில் தோற்றோம். திங்கட்கிழமை டீம் கலைந்தது.

மேனேஜர் துரை என்னைக் கூப்பிட்டார். சொந்தத் தங்கை புருஷன் என்றும் பார்க்காமல், ஓடுகிற ஆட்டம் என்றும் பார்க்காமல் கடமையைச் செய்தவன் என்று மெச்சி, ஷாஃப்டு கேட்டுக்கு என்னைப் பெரிய காவலாக உயர்த்தினார். சலாம் போட்டு வாங்கிக்கொண்டேன். தங்கை என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

புது கேட்டில் எனக்கு முதல் நாள். காலை ஷிப்டு இறங்கும்போது மாப்பிள்ளை கூண்டில் ஏறியதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மத்தியானம் ஷிப்டு மேலே வந்தது. வரிசையில் அவர் ஏழாவது ஆளோ எட்டாவது ஆளோ. உடம்பெல்லாம் கல்தூசி. என் முன்னால் வந்து கையைத் தூக்கினார். இரண்டு கையும் ஆடிக்கொண்டே இருந்தன.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன், நெசத்த சொல்லுங்க. அன்னிக்கு பந்துக்குள்ள நான் தங்கம் வெச்சிருப்பேன்னு நெனச்சீங்களா?"

விதி, உத்தரவு, வேலை என்று எத்தனையோ பதில் வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"ஆமா மாப்ள. நெனச்சேன்."

"எட்டு வருசமா நாங்க தோக்கறப்ப ஒரு நாளு கூட நீங்க எங்கள வுட்டுப் போவல மச்சான். ஒரு நாளு ஜெயிக்கறப்ப, நம்பல."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். அவர் தலைப்பாகையை வாங்கி, அவிழ்த்து, உதறி, மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.