முங்கிக் குளிக்கவில்லை என்று சொன்னேன்

தொண்ணூறுகளின் கடைசியில் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு சிறிய சுகாதார மையத்தில் நர்ஸாக இருந்தேன். வலியசாலையில் வீடு. வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் மலையாளம். எங்கள் டாக்டருக்குத் தமிழ் அறவே தெரியாது. கட்டட வேலைக்கு வந்த தமிழர் யாராவது வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அது காய்ச்சல் பரவியிருந்த மழைக்காலம். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் ஆண்கள் நெருக்கியடித்து நின்றதால் என் காதருகே குனிந்து சொன்னாள்.

"வயிறு ஒரு பக்கமா வலிக்கிக்கா. ரெண்டு மாசமா முழுகாம இருக்கேன். எந்திரிச்சா மயக்கமா வருது."

"எந்தா பறயுந்நது?" என்றார் டாக்டர்.

வயிற்றுவலி, இரண்டு மாதமாக முங்கிக் குளிக்கவில்லை, மயக்கம் வருகிறது என்று மலையாளத்தில் சொன்னேன். 'ஒரு பக்கமா' என்பதை விட்டுவிட்டேன். மலையாளத்தில் மயக்கம் என்றால் தூக்கக் கலக்கம். அது தெரிந்திருந்தும் அவசரத்தில் மாற்றவில்லை.

"பாவம், அவிடெ வெள்ளம் காணில்லா" என்றார் டாக்டர். வேலை செய்கிற இடத்தில் தண்ணீர் இருக்காதாம். வயிற்றை லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு வாயுவுக்கு மாத்திரை எழுதினார். நான் என் பங்குக்கு, தினமும் குளிக்க வேண்டும் என்று அவளுக்குப் புத்தி சொன்னேன். அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். ரசம் விட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "கோடியாத்துப் பொண்ணு குளிக்காம இருக்காளாம். அவ மாமியாருக்குக் கால் தரையில பாவலை."

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எங்கள் தெருவில் கர்ப்பத்துக்கு அப்படித்தான் சொல்வோம். அவள் சொன்ன 'முழுகாம'வும் அதுதான். மலையாளத்திலும் 'குளி தெற்றி' என்றால் அதேதான். அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் டாக்டருக்கு அப்போதே புரிந்திருக்கும்.

கையைக் கழுவிவிட்டு ஓடினேன். டாக்டர் இன்னும் கிளம்பவில்லை.

"டாக்டர், காலத்தெ வந்ந ஆ தமிழ்ப் பெண்ணு... குளி தெற்றியிட்டு ரண்டு மாசமாயி. வேதன ஒரு பக்கத்தாணு. தல சுற்றுந்நுண்டு."

அவர் முகம் மாறியது. கரு குழாயில் தங்கி வெடித்திருந்தால் ரத்தம் உள்ளேயே கொட்டும், உடனே ஆளைக் கண்டுபிடி என்றார். பதிவேட்டைப் புரட்டினேன். விலாசம் எழுத வேண்டிய இடத்தில், 'தமிழ், கட்டட வேலை'. என் கையெழுத்துதான்.

பழவங்காடிக்கு ஓடினேன். கோயில் முன்னால் தேங்காய் விற்கிற நாகர்கோவில்காரரிடம் கேட்டேன்.

"தென்காசிக்காரங்களா? பவர் ஹவுஸ் ரோட்டுல லாட்ஜ் கெட்டுதாங்கல்லா, அதுக்குப் பொறத்தயாக்கும் ஷெட்டு."

தகர ஷெட்டில் சிமெண்ட் சாக்கை விரித்து அவள் படுத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. பக்கத்தில் அவள் புருஷன்.

"மாத்திரை போட்டுட்டு இப்பந்தான் தூங்குதா, சிஸ்டர். எழுப்பாதிய."

கையைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. நாடி விரலுக்குச் சரியாக அகப்படவில்லை.

"இது தூக்கம் இல்லை. தூக்குங்க" என்றேன்.

ஆட்டோவில் அவள் தலை என் மடியில் கிடந்தது. ஊர்ப் பெயரைக் கேட்டேன், அம்மா பெயரைக் கேட்டேன். பாதி வழியில் பதில் நின்றுவிட்டது. அவள் புருஷன் ஏதாவது கேட்டுவிடுவானோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்பே போன் செய்திருந்ததால் நேராக ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வயிறு நிறைய ரத்தம். ஒரு குழாயை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து வார்டுக்குப் போனேன். "நீங்க சரியாத்தான் சொன்னீங்க. டாக்டர்கிட்ட நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "மாசமா இருக்கேன்னு சொல்லுதேன், 'குளி'ங்கியளேன்னு நெனச்சேன். இந்த ஊர் வழக்கமோ என்னமோன்னு போயிட்டேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "இனி பிள்ளை உண்டாகுமா?"

ஆகும் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு வார்டு டாக்டரைத் தேடிப் போய்க் கேட்டுவந்து, அவர் சொன்னதை மட்டும் சொன்னேன். பிறகு, என்ன புரிந்தது என்று அவளையே சொல்லச் சொன்னேன்.

"இன்னொரு கொழாய் நல்லாருக்கு. உண்டாகலாம். நாள் தள்ளுனா அன்னைக்கே வந்து காட்டணும்" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.