ருசி பார்க்காமல் செய்த சைனா கொழுக்கட்டை

தங்கை வீட்டுக்காரர் போன பிறகு அவள் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். டீ மட்டும் குடிப்பாள். அதட்டினால் இரண்டு வாய் கஞ்சி. அதையும் பாத்ரூமுக்குப் போய் வாந்தியெடுத்துவிட்டு வருவாள். கருமாதிக்கு முந்தின நாள் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார். "சாப்பாடு உள்ள போகலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஒரு சாவு போதாதா இந்த வீட்டுக்கு?

தங்கை வீட்டுக்காரருக்குச் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு கஃபேயில் சமையல் வேலை. பிரஷர் இருந்தது. ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளைக்காரர்களுக்காக அவர் கற்றுக்கொண்டதுதான் சைனீஸ் டம்ப்ளிங். லீவு நாளில் வேங்கிக்கால் வீட்டிலும் செய்வார். சைனா கொழுக்கட்டை என்று நான் கிண்டல் பண்ணுவேன். மைதா எனக்கு ஆகாது, ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. தங்கைக்கு அது என்றால் உயிர். அவருக்கும்தான்.

கருமாதிப் படையலில் செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். படைத்ததில் பொண்டாட்டி ஒரு வாயாவது சாப்பிட்டாக வேண்டும். இதைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவருக்காக வைத்ததை அவள் எப்படி வேண்டாம் என்பாள்? வாங்கிவரலாம் என்றால், வெள்ளைக்காரர்கள் வராத இந்த வெயில் காலத்தில் அந்த கஃபே மூடிக் கிடக்கும். நானே செய்கிறேன் என்றேன்.

அவருடைய அக்கா முகத்தைச் சுளித்தார். "ஏம்மா, படையலுக்குப் போய் சைனாக்காரன் பலகாரமா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போறாங்க அண்ணி. ஒங்க தம்பி ஆசையா தின்னது எது, அத சொல்லுங்க."

"செய்யி. ஆனா ருசி கிசி பாத்துடாத, எச்சிலாயிடும். தொட்டுக்கிற அந்தக் கறுப்பு சாஸும் இலையில வேணாம்" என்றார். ருசி பார்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? எத்தனை படையலுக்குச் சமைத்திருக்கிறேன்! சாம்பாருக்கும் பாயசத்துக்கும் கையளவு பழக்கம். இதற்கு ஏது?

போனில் வீடியோ ஓடவிட்டுச் செய்தேன். மைதாவைப் பிசைந்து ஈரத்துணியால் மூடினேன். முட்டைக்கோசைப் பொடியாக நறுக்கி உப்புப் போட்டுப் பிசறி வைத்தேன். அது தண்ணீர் விட்டதும் துணியில் கட்டிப் பிழிய வேண்டும், இல்லாவிட்டால் மாவு நசநசத்துக் கிழிந்துவிடும். பிழிந்தேன். போர்வையை முறுக்குவது மாதிரி முறுக்கி முறுக்கிப் பிழிந்தேன். அந்த மனுஷன் இப்படிச் சொல்லாமல் போன ஆத்திரம், இவள் பட்டினி கிடக்கிற ஆத்திரம், எல்லாவற்றையும் அந்தத் துணியில் காட்டினேன். தண்ணீர் மேடையெல்லாம் ஓடியது. பிறகு கேரட், இஞ்சி, பூண்டு, மிளகுத்தூள் சேர்த்தேன்.

மாவை நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லிசாகவும் தேய்க்க வேண்டுமாம். முதலில் தேய்த்ததெல்லாம் கண்றாவி. அவர் வைக்கிற மடிப்பும் எனக்கு வரவில்லை. கடைசியில் சோமாஸ் மாதிரி ஓரத்தை மடக்கிவிட்டு, இட்லிப் பானையில் அவித்தேன். இஞ்சி வாசனை வீடெல்லாம் அடித்தது. கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படத்துக்கு முன்னால் இலை போட்டு, வடை பாயசத்தோடு அதையும் வைத்தோம். கற்பூரம் காட்டி முடித்ததும் அவளை உட்காரவைத்து, படைத்ததில் நாலைந்தை எடுத்துப் போட்ட தட்டை முன்னால் நகர்த்தினேன்.

"ஒரு வாய் வைம்மா" என்றார் அவருடைய அக்கா.

ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். பாதியில் நிறுத்தினாள்.

"உப்பே இல்லக்கா."

நான் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டேன். சப்பென்று இருந்தது. அப்போதுதான் உறைத்தது: போட்ட உப்பு முழுக்கப் பிழிந்த தண்ணீரோடு போயிருக்கிறது. ஒரு துளி நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். "ஐயோ, துப்பிடுடி. நான் ஒரு கூறுகெட்டவ" என்று கையை நீட்டினேன்.

அவள் துப்பவில்லை. விழுங்கினாள்.

"பிரஷர் ஜாஸ்தியா இருக்கு, உப்ப கம்மி பண்ணுன்னு டாக்டர் சொன்னாரு இல்ல. கடைசியா செஞ்சப்ப அவரும் இப்படித்தான் உப்பில்லாம செஞ்சாரு. இத மனுஷன் தின்னுவானான்னு கத்திட்டு தட்டத் தள்ளிட்டேன்கா. எனக்கு வெச்சதையும் சேத்து அவரே உக்காந்து தின்னாரு."

அவருடைய அக்கா ஓடிப்போய் உப்பு டப்பாவை எடுத்து வந்தார். தங்கை தட்டைக் கையால் மூடிக்கொண்டாள். "வேணாங்க அண்ணி."

இன்னொன்றை எடுத்தாள். அதற்கப்புறம் இன்னொன்று. அழவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. தட்டில் இருந்தது தீர்ந்ததும் இலையில் இருந்ததை எடுத்தாள். அவள் வயிற்றுக்குள் ஏதாவது போகாதா என்றுதான் அத்தனை நாளும் அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிடுகிறதைப் பார்க்க என்னால் முடியவில்லை. எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டேன்.