தலையணை உறைக்குள் இருந்தது

லவோன் ஓரனைக் கட்டிக்கொண்ட ஏழாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலையில், அவனுடைய துப்பாக்கியை வாஷிங் மிஷினில் போட்டுவிட்டாள்.

வேண்டுமென்று போடவில்லை. அதுவரை படுக்கைத் துணியை அவனேதான் உருவித் துவைத்துக்கொண்டிருந்தான். விரிப்பு, கனத்த பஞ்சுப் போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் ஒரே சுருட்டாக அள்ளிக்கொண்டு போய் உள்ளே திணித்தாள். தண்ணீர் நிறைந்து மிஷின் சுற்றத் தொடங்கியதும் கடகடவென்று இடித்தது. கிழவன் படுக்கையில் திருகாணியை விட்டுத் தொலைத்திருப்பான் என்று திட்டிக்கொண்டே நிறுத்தி, கையை விட்டுத் துழாவினாள். தலையணை உறைக்குள் ஐந்து குண்டு ரிவால்வர்.

துப்பாக்கியைக் கண்டு அலறுகிறவள் இல்லை அவள். கோழி வெட்டும் ஆலையில் இருபத்தெட்டு வருஷம் கத்தி பிடித்தவள். முதல் புருஷன் போன பிறகு பதினொரு வருஷம் மலைமேல் வீட்டில் தனியாக இருந்தாள். ஷெரிஃபைக் கூப்பிட்டால் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆகும் இடம். அதனால் அவளிடமும் ஒன்று உண்டு. பகலில் இடுப்பில், விசையை முழுக்க மூடுகிற கெட்டித் தோலுறைக்குள் கிடக்கும். கைப்பையில் போடமாட்டாள், கைப்பை நாலு பேர் கைக்குப் போகிற சாமான் என்பாள். படுக்கப் போகும்போது உறையோடு கழற்றிப் பூட்டிவிடுவாள்.

இப்போதும் பதறாமல் துப்பாக்கிக் குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி, விரலை விசையில் படவிடாமல், உருளையைத் தள்ளித் திறந்தாள். ஐந்து அறையிலும் குண்டு. ஐந்தையும் சோப்புக் கிண்ணத்தில் கொட்டினாள். தண்ணீர் குடித்த குண்டை இனி நம்ப முடியாது.

ஓரன் அடுப்படியில் பிஸ்கட் ரொட்டியைக் கறிக்குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். மின்கம்பம் ஏறும் வேலையிலேயே முடி நரைத்தவன். கிண்ணத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாப்பது வருஷமா அது அங்கதான் தூங்குது. யாரையும் கடிச்சதில்ல," என்றான் அவன்.

"உன் மொத பொண்டாட்டி தலையணை உறையத் தொவைக்காமலே போய்ச் சேந்தாளா?"

"நோர்மா எடுத்து வச்சுட்டுத் தொவைப்பா. அவளுக்குத் தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

ஏழு வாரம் அதன் பக்கத்தில் தலைவைத்துப் படுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பூட்டுகிற பெட்டி ஒன்று வாங்கு என்றாள். திருடன் வந்து நிற்கும்போது பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் அவன் சாப்பாட்டையும் முடித்துவிட்டுப் போவான் என்று இவன் சிரித்தான்.

"தூக்கத்துல மான் வேட்டை ஆடுறவன் நீ," என்றாள் லவோன். "நேத்துகூட என் முழங்கால ஒதச்ச. உன் கை அந்த உறைக்குள்ள போச்சுன்னா அந்தாண்ட இருக்கறது என் மண்டை. அதோட படுக்கறியா, என்னோட படுக்கறியா, நீயே முடிவு பண்ணிக்கோ."

அவன் குழம்பைத் துடைத்துத் தின்றான். இவள் துணிப்பெட்டியைக் கட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு மலைமேல் போய்விட்டாள். பனி விழுவதற்குள் விற்றுவிடலாம் என்றிருந்த வீடு. நல்லவேளை விற்கவில்லை என்று நாற்காலிகளைத் துடைத்தாள். துடைத்துவிட்டு ஒற்றைத் தட்டு வைத்துச் சாப்பிட உட்கார்ந்தவள், பாதியிலேயே எழுந்து மிச்சத்தைக் கொட்டினாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம் ஓரன் வந்தான். செருப்பு டப்பா அளவில் ஒரு எஃகுப் பெட்டி, மேலே எண் போட்ட பொத்தான்கள். மாட்டுத் தீவனத்தோடு துப்பாக்கிச் சாமானும் விற்கும் கடையில் வாங்கியிருக்கிறான். திறந்து காட்டு என்றாள். கம்பம் ஏறித் தடித்த விரல், ஒரே அழுத்தில் ரெண்டு பொத்தானை அமுக்கியது. பெட்டி கீச்சென்றதே தவிரத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய் என்றாள். காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை அவனை விடவில்லை. முதலில் பதினாலு எண்ணும்வரை தடவினான். கடைசியில் மூன்று எண்ணுவதற்குள் மூடி துள்ளியது. அவளுக்கு அந்த வேகம் போதும்.

மறுநாள் அவன் வீட்டில் கட்டில் சட்டத்தோடு பெட்டியைத் திருகி மாட்டினான். அவள் ஒரு காலைக் கட்டிலில் ஊன்றி இழுத்துப் பார்த்தாள், கட்டில்தான் நகர்ந்தது. புது குண்டும் புது தோலுறையும் வாங்கியிருந்தான். உறையோடு உள்ளே வைத்து மூடினார்கள்.

"நம்பர் என்ன? நோர்மா பொறந்த நாள்னு சொன்னா இப்பவே கெளம்பிடுவேன். அது ஊருக்கே தெரியும்."

"இல்ல. அந்த சனிக்கெழமை தேதி," என்றான் ஓரன். "நீ பொட்டியத் தூக்கிட்டுப் போனியே, அந்த நாளு. அத நான் சாகறவரைக்கும் மறக்கமாட்டேன்."

லவோன் தன் துணிப்பெட்டியை எடுத்துவரச் சொல்லி அவனை வண்டிக்கு விரட்டினாள்.

பனி விழுவதற்குள் மலைமேல் வீடு விற்றாகிவிட்டது. சனிக்கிழமை தோறும் விரிப்பை உருவுகிறாள். ஆனால் அந்தத் தலையணையை மட்டும் நாலு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிஷின் பக்கம் போவாள். ஓரன் வாசலில் நின்று அதைப் பார்ப்பான். பார்த்தாலும் வாயைத் திறக்கமாட்டான். அந்த அளவுக்குப் புத்தி வந்துவிட்டது.