பொன்னுத்தங்கத்தின் இடம்

வள்ளித்தாய் சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பதினாலு வருசமாக லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள். கூலி ஒன்றும் அள்ளிக் கொட்டுகிற மாதிரி கிடையாது. ஆனாலும் பி.எஃப். உண்டு, போனஸ் உண்டு, சாயங்காலம் முழு உடம்போடு வீடு வந்து சேரலாம். அதை உதறிவிட்டுப் பட்டாசு ஆபீஸுக்குப் போகிறவளுக்குக் கிறுக்குத்தான் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவும் செய்தது, ரெண்டாயிரத்து ஏழு மார்கழியில்.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள் எழில், அது முடிந்ததும் மதுரையில் நர்சிங் படிக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பன் இல்லாத பிள்ளை. லேபிள் ஒட்டிய கூலியில் அவளை மதுரைக்கு பஸ் ஏற்றிவிடலாம், அவ்வளவுதான் முடியும். அந்த நேரம் பார்த்துத்தான் தாயில்பட்டிப் பக்கமிருந்து பட்டாசு ஆபீஸ் போர்மேன் பெத்தணன் வீடு தேடி வந்தார். இரட்டைக் கூலி, முன்பணமும் உண்டு என்றார். உள்ளூரில் அத்தனை பெண்கள் இருக்க, இம்புட்டுத் தூரம் வந்து எதற்கு ஆள் தேடுகிறார் என்று இவள் கேட்டிருக்க வேண்டும். பாவி மகள், கேட்கவில்லை.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன ரூம்கள். இவளுக்குக் காட்டிய ரூம் புதுசாகக் கட்டி வெள்ளையடித்தது. சுவரில் நாலு பேருக்கு மேல் கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தது. உள்ளே மூன்று பெண்கள் வேலை செய்தார்கள். நாலாவது ஆள் உட்காருகிற இடம் சுவரோரம் காலியாகக் கிடந்தது. அதைச் சுற்றித்தான் கூத்தெல்லாம். மூவரில் இளையவளான மாரிக்கனி, டீ வந்ததும் ஒரு தம்ளரை அந்த வெறும் இடத்தில் வைத்தாள். இன்னொருத்தி அந்தப் பக்கம் திரும்பி, காலை மடக்கி உட்காரு பொன்னுத்தங்கம், இடிக்கிதுல்ல என்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பெத்தணன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அந்த இடத்தில் உட்காரச் சொல்லி வெளியிலிருந்தே கையைக் காட்டினார். வள்ளித்தாய் ஒரு தரம் அந்த டீத் தம்ளரைப் பார்த்தாள். எழிலை நினைத்துக்கொண்டுதான் குனிந்து தரையில் கையை ஊன்றினாள். மார்கழிக் குளிரில் மற்ற இடமெல்லாம் சில்லென்று கிடக்க, அந்த ஓர் இடம் மட்டும் சுட்டது. அப்போதுதான் யாரோ எழுந்து போன சூடு இல்லை அது. அடுப்பை ஒட்டினாற்போல இருந்தது. வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"என்ன நின்னுட்டே? உக்காரு," என்றார் பெத்தணன்.

"இங்கன ஆளு இருக்காகய்யா," என்றாள் வள்ளித்தாய்.

மூன்று பெண்களும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தார்கள். பெத்தணன் முகத்தில் ஈயாடவில்லை. வேலை வேண்டாமென்று அவரிடம் சொல்லிவிட்டு இவள் விறுவிறுவென்று வெளியேறினாள். இரட்டைக் கூலி போனது வயிற்றெரிச்சல்தான். அதற்காக இன்னொருத்தி மடியிலா போய் உட்கார முடியும்?

பஸ் ஸ்டாப்புக்கு மாரிக்கனி மூச்சிரைக்க ஓடி வந்தாள். பொன்னுத்தங்கம் அவளோடு பிறந்த அக்காவாம். போன வருசம் நாலு பேர் ரூமில் பெத்தணன் ஒன்பது பேரை அடைத்து வேலை வாங்கியபோது வெடித்ததில் போய்ச் சேர்ந்தவள். ரூமைத் திரும்பக் கட்டியதும் பெத்தணன் மறுபடி ஆள் சேர்க்கப் பார்த்திருக்கிறார். அவரைப் பயங்காட்டத்தான், அக்கா அங்கேயே இருக்கிற மாதிரி இவர்கள் பேசத் தொடங்கியது. அந்த இடத்தில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டால் பின்னாலேயே அஞ்சாறு பேரை ரூமுக்குள் தள்ளிவிடுவார். உள்ளூர்க்காரிகள் ஒருத்தியும் உட்கார மாட்டாள் என்றுதான் வெளியூரில் ஆள் பிடித்திருக்கிறார்.

"நாங்க சும்மா நடிச்சோம்க்கா. ஒங்களுக்கு ஒண்ணுந் தெரியாதே, நீங்க எதுக்கு அப்பிடிச் சொன்னீக?"

வள்ளித்தாய் தரை சுட்டதைச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. மாரிக்கனி சின்னப்பிள்ளை கேட்கிற குரலில் கேட்டாள்.

"எங்கக்காவுக்கு இன்னும் எரியுதாக்கா?"

வள்ளித்தாய் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "இல்லத்தா, ஆறிக்கிட்டு வருது," என்று ஒரு பொய்யைச் சொன்னாள்.

பஸ் வந்தது. எழிலிடம் என்ன சொல்வதென்று சாத்தூர் வந்து சேரும்வரை அவளுக்குத் தெரியவில்லை.