பூ வைக்க ஓர் இடம்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஆவணியில் சிதம்பரத்திலிருந்து வந்து என் சித்தி மகள் வசந்தாவைப் பெண் பார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கிய ஜடையை மாப்பிள்ளையின் அம்மாவே கையில் எடுத்துப் பார்த்து மெச்சினார்.

2. புரட்டாசியில் வசந்தாவுக்கு டைபாய்டு. பிழைத்தாள். கார்த்திகைக்குள் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. மிச்சத்தை ஒட்ட வெட்டிவிட்டார்கள்.

3. தையில் பூ வைக்க வருவதாகத் தகவல் வந்தது.

4. சொல்லிவிடலாம் என்றேன். "வாயத் தொறந்தியோ பாரு" என்றார் சித்தி.

5. முடி போனதை மறைக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. பாலிடெக்னிக்கில் டிப்ளமா வாங்கியவள் இல்லையா?

மறைப்பதில் ஒரு சிக்கல். பூ வைப்பது என்றால் என்ன? நாத்தனார் தன் கையாலேயே பெண்ணின் கூந்தலில் பூவைச் செருக வேண்டும். செருக ஏதாவது இருக்க வேண்டுமே... விரல் உள்ளே போனால் கதை முடிந்தது!

எரிந்துபோன மின்விசிறியிலிருந்து செப்புக்கம்பி உரித்தேன். வசந்தாவின் தலை அளவுக்கு ஒரு கூடு பின்னினேன். அதன்மேல் வாழைப்பட்டை, பட்டையின்மேல் கனகாம்பரமும் சாமந்தியும் நெருக்கித் தைத்தேன். பின்னால் சவுரி, சவுரியின் நுனியில் குஞ்சலம். எல்லாவற்றையும் தாங்க, காதுக்குப் பின்னால் கறுப்பு நாடா.

நாத்தனாருக்கு? வலது காதுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்குப் பூ தைக்காமல் விட்டு, நடுவில் சின்னதாக ஒரு கொக்கி வைத்தேன். சரத்தை மாட்டினால் நிற்கும். விரல் உள்ளே போக வேண்டாம்.

சித்தியின் முதுநகர் வீட்டில் வைத்தே சோதித்தும் பார்த்தோம். நட, குனி, விழுந்து கும்பிடு. அசையவில்லை. "தேர் மாதிரி இருக்குக்கா" என்றாள் வசந்தா. "கழுத்துதான் வடம் புடிச்ச மாதிரி வலிக்குது."

அந்த நாள் வந்தது. மாப்பிள்ளையின் அக்கா சரோஜா எழுந்து வந்தார். கையில் மல்லிகைச் சரம். அவர் தேடவில்லை, தடவவில்லை... நேரே கொக்கியில் மாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

சித்திக்குப் பெருமூச்சு. எனக்குச் சந்தேகம்.

எப்படித் தெரிந்தது? யார் சொன்னது? சவுரி விற்ற கடைக்காரரா? பூக்காரம்மாவா? டைபாய்டு சமயத்தில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டு ஜைனம்பு அக்காவைக்கூட விடவில்லை என் மனசு.

கிணற்றடியில் கை கழுவ வந்தார் சரோஜா. தண்ணீர் ஊற்றினேன்.

"அந்தக் கொக்கி நீங்க வச்சதா?"

"எந்தக் கொக்கி?"

"நல்லா கேக்கறீங்க! காதுக்கு மேல, கம்பியில."

இனி மறைத்துப் பயனில்லை. "யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. தல நெறைய பூவ வச்சி, எனக்குன்னு அளவா ஒரு எடம் வுட்டிருக்கீங்க. எந்த வூட்ல பொண்ணுக்கு அப்படி வுடுவாங்க? எங்கயும் தொட்டுடக் கூடாதுன்னு தானே?"

கேட்டீர்களா! யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. வேலை சுத்தமாக இருந்ததுதான் காட்டிக் கொடுத்துவிட்டது. கொஞ்சம் கோணலாகச் செய்திருந்தால் தப்பித்திருப்போம்.

"பொண்ணு தலையில என்ன? ஏதாவது தீராத வியாதியா?" சரோஜாவின் குரல் இறங்கியது. "சொல்லிடுங்க. தம்பி வாழ்க்கைங்க."

சித்தியின் மிரட்டல் ஒரு பக்கம், இவர் முகம் ஒரு பக்கம். நான் வாயைத் திறப்பதற்குள், பின்வாசலில் வந்து நின்றிருந்த வசந்தா திறந்தாள்.

"டைபாய்டு அண்ணி. அது போயிடிச்சி. போகும்போது முடியையும் கூட்டிக்கிட்டுப் போயிடிச்சி."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று கூடத்துக்குப் போனாள். மாப்பிள்ளையின் அம்மா எதிரில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். கூடு, பூ, சவுரி, குஞ்சலம்... மொத்தமும் மடியில். ஆண்பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சித்தி தூணைப் பிடித்துக்கொண்டார்.

"சீக்கு வந்து கொட்டிடிச்சி அத்த. திரும்ப மொளைக்கும்னு டாக்டர் சொன்னாரு. புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க."

அந்த அம்மாள் வசந்தாவின் தலையைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும், ஒவ்வொருவராக.

"முடி மொளைக்கும், அதப் பத்தி ஒண்ணுமில்ல. இத மறைச்சவங்க வேற என்னெல்லாம் மறைச்சிருக்கீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

மறைக்க வேறு ஒன்றுமில்லை என்று இனி நாங்கள் சத்தியம் செய்தாலும், அது மறைத்தவர்களின் சத்தியம்தானே! ஆவணியில் மெச்சிய கண்ணாலும், தையில் சந்தேகக் கண்ணாலும் பார்ப்பவர்களைக் குறை சொல்ல முடியுமா?

இன்றைய நிலவரம் இது. கல்யாணம் நிற்கவில்லை, பங்குனியில் நடக்கும். வசந்தாவின் முடி காதுவரை வந்திருக்கிறது. டாக்டர் கொடுத்த சீட்டு சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டது. பல் சொந்தப் பல்தானா என்று அங்கிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது.

மாப்பிள்ளையின் தலையை எங்கள் பக்கத்தில் இன்னும் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.