கம்பி கட்டிய லில்லித் தொட்டி

எங்கள் மொட்டைமாடியில் ஒரு மண்தொட்டி இருக்கிறது. உள்ளே லில்லிக் கிழங்குகள் பெருகிப் பெருகி அது வெடித்துவிட, இரண்டு சுற்று கம்பி போட்டு இறுக்கி வைத்திருக்கிறேன். நாலு கிழங்கைப் பிரித்து வைத்தால் என்ன என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

அது ஆரணி வீட்டுக்கார அக்காவின் தொட்டி. எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான கையோடு அவர்கள் வீட்டின் பின்பகுதிக்குக் குடிபோனோம். விடிந்தால் பக்கத்துச் சந்தில் தறிச் சத்தம். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. மார்கழியில் முற்றத்தில் காய்ந்து கிடந்த அந்தத் தொட்டியைக் காலி என்று நினைத்து, கொத்தமல்லி விதைக்கக் கிளறப் போனேன். "அய்ய, கைய வைக்காதம்மா. உள்ள கிழங்கு தூங்கிகினு இருக்குது" என்று அக்கா ஓடிவந்தார். அப்படித்தான் பழக்கமானோம்.

மாசி முடிவில் தண்டு எழுந்து, பங்குனியில் கையகலச் சிவப்புப் பூக்கள் விரிந்தன. அக்கா ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. ஆரணிக்கு அருகே சமணர் கோயில் உள்ள திருமலைப் பக்கத்துக் குடும்பம், சமணர்கள். மண்ணுக்குள் விளைகிறதைப் பிடுங்கிச் சாப்பிடாதவர்கள். "இன்னிக்கி வெங்காய சாம்பாரா? எங்க ஊட்டுப் பூனகூட மூஞ்சத் திருப்பிகினு போவுது" என்று என்னைச் சீண்டுவார். இருட்டுமுன் சாப்பிட்டு முடித்துவிட்டு, தொட்டியருகே என்னோடு பேச உட்காருவார். பிறந்த வீட்டை நினைத்து நான் அழாமல் இருந்தது அந்தப் பேச்சால்தான்.

சில வருடங்களில் கணவருக்கு மாற்றல் வந்தது. "ஞாபகமா ஒரு கிழங்கு எடுத்துக் குடுங்கக்கா" என்றேன்.

"தோண்டறது மட்டும் என்னால ஆவாதும்மா."

நானே எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். ஒரு கிழங்குக்கா இத்தனை பிகு என்று எனக்குக் கோபம். முகம் கொடுத்துப் பேசவில்லை. சாமான் ஏற்றிய காலையில் அவரே லாரிக்காரரைக் கூப்பிட்டு, தொட்டியை அப்படியே தூக்கி வைக்கச் சொன்னார். "பிரிக்காம எடுத்துகினு போ" என்றார். முற்றத்தில் தொட்டி இருந்த இடம் ஈர வட்டமாகத் தெரிந்தது.

ஒவ்வொரு பங்குனியிலும் இது பூக்கும்போது அந்த வட்டம்தான் கண்முன் வரும். ஒரு கிழங்காவது அவருக்குத் திருப்பிக் கொடுக்க ஏங்கியிருக்கிறேன். தோண்டியதை அவர் வாங்கமாட்டார். முழுத் தொட்டியையும் தூக்கிக் கொடுக்க, அவருக்கு இருந்த மனசு எனக்கு இல்லை.

இந்த வருடம்தான் முதல்முறையாகத் தண்டில் காய் பிடித்தது. நேற்று, கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அந்தக் காய் வெடித்து, கறுப்பு விதைகள் தாமாகவே உள்ளங்கையில் உதிர்ந்தன. தோண்டவில்லை, பறிக்கவில்லை. அக்கா தயங்காமல் கைநீட்டி வாங்கிக்கொள்வார். வாங்கிக்கொள்ள அக்காதான் இல்லை.